இடது பக்கத்துப் படம்

செப்டம்பர் 4

தங்கைக்கு,

நேற்று மதியம் ஒரு அம்மாள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தாள். என் வேலை உனக்குத் தெரியும். கடையின் பின்னறையில், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிற வேலை. ஃபிரேம் மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே அது? போஸ்டர்ல இருக்கிறவங்க?"

"எந்தப் போஸ்டர்?"

"எங்க அண்ணி ஊர்ல பஸ் நிக்கிற இடத்துல பெருசா ஒட்டியிருக்காங்களே, உடம்பு குறைக்கிற சென்டர். ஆறே மாசத்துல பாதியா ஆயிட்டீங்களே!" சொல்லிவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "ஐயோ, மறுபடியும் வெயிட் போட்டுட்டீங்களா? விடுங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

என் முழங்கையை வேறு தட்டிக் கொடுத்தாள். துக்கம் விசாரிப்பதுபோல.

தனக்கும் ஒரு வைராக்கியம் வரட்டும் என்று அந்தப் போஸ்டரைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். காட்டினாள். இடது பக்கம் நான், மஞ்சள் சட்டையில். மேலே 'முன்' என்று போட்டிருக்கிறது. வலது பக்கம் 'பின்'. அது நீ. நான் உனக்குச் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைப்போலவே நடு வகிடு எடுத்துக்கொண்டு, நான் இளைத்தால் எப்படி இருப்பேனோ அப்படி நிற்கிறாய்.

அந்த மஞ்சள் சட்டைப் படத்தை எடுத்தவளே நீதான். எனக்கு வீட்டுச் சாவி கிடைத்த நாள். காலி அறையில், முழங்கையில் சுண்ணாம்போடு நான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். போஸ்டரில் அந்தச் சிரிப்பு இல்லை. வாயை மூடி, ஓரங்களைக் கீழே இழுத்துவிட்டிருக்கிறீர்கள். என் உடம்பை எடுத்துக்கொண்டாய், அது பழகிப்போன விஷயம். எல்லாருக்கும் அது பொதுச் சொத்துதான். வாயை எதற்கு எடுத்தாய்?

உன் சென்டர் போஸ்டரை எடு. எல்லாவற்றையும். போன் செய்யாதே, உன் எண்ணைத் தடுத்துவிட்டேன். போனில் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். எப்போதும் அப்படித்தான் முடிகிறது. எழுது.

பெரிசு

செப்டம்பர் 11

அக்கா,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் அவள் உன் பக்கம் பேசுவாள் என்று நினைக்காதே. போஸ்டரைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது, "பாவம், அவளால ஒரு நல்லது நடந்தா நடக்கட்டுமே."

நான் செய்தது தப்பு. கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ ஒப்புக்கொண்டிருக்க மாட்டாய், அதனால் கேட்கவில்லை. இதைவிட நேர்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் நிலைமையையும் கேள். சென்டரில் நிஜமாகவே இளைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தர்கூடத் தன் பழைய படத்தைத் தர மாட்டேன் என்கிறார்கள். "பின் படம் எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கோங்க மேடம், முன் படம் மட்டும் கேக்காதீங்க" என்கிறார்கள். பழைய போட்டோவைக் கிழித்துப் போட்டவர்கள் உண்டு. தன் கல்யாணப் படத்தையே கிழித்தவள் ஒருத்தி இருக்கிறாள். நான் எங்கே போவேன்? என் போனில் நீ இருந்தாய். முகம் ஒன்றுதானே நமக்கு.

வாய் விஷயம் பிரிண்ட்காரர் செய்தது. "முன் படத்துல சிரிக்கக் கூடாது மேடம். சிரிச்சா யாரு காசு கட்டுவா?" என்றார். எனக்கும் அது அப்போது நியாயமாகத்தான் பட்டது.

மாதக் கடைசியில் எடுத்துவிடுகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் இப்போதுதான் வருகிறார்கள், அதுவரை பொறு. நீ ஒரு திங்கள்கிழமை இங்கே வந்து பார்க்க வேண்டும். எல்லாரும் வரிசையாக எடை மெஷினில் ஏறுவார்கள். குறைந்திருந்தால் மொத்த ஹாலும் கை தட்டும். கூடியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம், சும்மா இருப்போம். அந்தக் கைதட்டலுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் யாரும் அவர்களுக்குக் கை தட்டியதில்லை. நான் ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கவில்லை, அக்கா.

இதைச் சொன்னால் கோபப்படுவாய். ஆனாலும் சொல்கிறேன். நீயும் ஒரு காலத்தில் கொஞ்சம் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் படமே இருந்திருக்காது.

சின்னது

செப்டம்பர் 20

தங்கைக்கு,

கடைசி வரியை எழுதிவிட்டு நீ அடித்திருக்கிறாய், பிறகு மறுபடி எழுதியிருக்கிறாய். அந்த அளவுக்கு யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாய். நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றி நான் உனக்குச் சொல்கிறேன். ஓர் அறைக்குள் நுழைந்தால் நான் முதலில் பார்ப்பது நாற்காலிகளை. கைப்பிடி இருக்கிறதா, இல்லையா. இருந்தால் நிற்பேன். "உக்காருங்களேன்" என்பார்கள். "இல்ல, அவசரமா போகணும்" என்பேன். அவசரக்காரி என்று எனக்கு ஒரு பெயரே உண்டு, எனக்கு எந்த அவசரமும் இருந்ததில்லை. நாலு பேரோடு சாப்பிட உட்கார்ந்தால் எல்லாரையும்விடக் குறைவாகப் போட்டுக்கொள்வேன். அப்படியும் ஒரு கண் என் தட்டின்மேல் இருக்கும். லிஃப்டில் பத்துப் பேர் ஏறி மணி அடித்தால் பத்துப் பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள், நான் முதலில் ஏறியிருந்தாலும். என் உடம்பை நான் பார்க்காத நேரம் என்று ஒன்று இருந்ததா என்றே தெரியவில்லை.

அந்த மஞ்சள் சட்டைப் படத்தில் பார்க்கவில்லை. அன்றைக்கு மறந்திருந்தேன். அதனால்தான் அது எனக்குப் பிடித்த படம். அதைத்தான் நீ பஸ் நிற்கிற இடத்தில் ஒட்டினாய்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. நான் இளைத்துக்கொண்டிருக்கிறேன். எப்படி என்று கேட்காதே, எனக்கே தெரியாது. இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. இடுப்புக்கு மேலே ஏதோ கட்டி வைத்த மாதிரி இறுக்கம். போன வாரம் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன தடவைக்கு நல்லா குறைஞ்சிருக்கே. வெரி குட். என்ன செய்றீங்களோ அதையே செய்யுங்க."

"நான் ஒண்ணும் செய்யலையே டாக்டர்."

"அப்ப இன்னும் நல்லது" என்று சிரித்தார். வாயு என்று ஒரு மாத்திரை எழுதினார். வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. என்னை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, அது புதிதல்ல.

மாதக் கடைசி என்றாயே. எடுக்காவிட்டால் நான் பஸ் ஏறி வருவேன். உன் போஸ்டருக்குப் பக்கத்திலேயே போய் நிற்பேன். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு.

பெரிசு

அக்டோபர் 1

அக்கா,

இளைத்திருக்கிறாயா! அம்மாவிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவாச்சும் கடவுள் கண்ணைத் திறந்தாரே" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்றால் வயிறு சுருங்குகிறது என்று அர்த்தம், ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் நிறையக் குடி. நடுவில் விட்டுவிடாதே.

போஸ்டர் இன்னும் இருக்கிறது. திட்டுவதற்கு முன் படி, நான் பெரிய சிக்கலில் இருக்கிறேன்.

சென்டரில் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் சேர்ந்திருக்கிறார். மூன்று வாரமாக மெஷினில் முள் நகரவில்லை, யாரும் கை தட்டவில்லை. அந்த எரிச்சலில் போஸ்டர் முன்னால் போய் நின்று பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரிப் பார்த்திருக்கிறார். உன் தாடையில் இருக்கிற மச்சம் என் தாடையில் இல்லை. எல்லார் முன்னாலும் கேட்டார், "ஏம்மா, உடம்பு இளைச்சா மச்சமும் இளைக்குமா?"

ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் முன் படத்தில் இருக்கிற அம்மாளைக் கொண்டுவந்து காட்டு, இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்றார். எழுதக்கூடியவர்தான். எழுதினால் சென்டரை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அம்மா, வீடு, எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது நீ நிஜமாகவே இளைத்திருக்கிறாய். ஒரே ஒரு படம் அனுப்பு. என் படத்தை எடுத்துவிட்டு அதை வலது பக்கம் போட்டுவிடுகிறேன். அதே முகம், அதே மச்சம். அப்புறம் அதில் பொய்யே இல்லை. இரண்டு பக்கமும் நீதான். முடிந்தால் அதே மஞ்சள் சட்டையில் எடு, வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வாயைத் தொட மாட்டேன். சத்தியமாக.

சின்னது

அக்டோபர் 9

தங்கைக்கு,

உன் துணிச்சல் எனக்கு வராது. கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கத்தான் நினைத்தேன். பிறகு பீரோவைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்பதை உன்னிடம் சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

இளைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைதான் எப்போதும் கடைசியாக நிரம்பும். நிற்பவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வருவார்கள். போன வாரம் ஒருவர் தானாக வந்து உட்கார்ந்தார். இன்னும் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்தார். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை, அடுத்த நிறுத்தம்வரை போனேன்.

பக்கத்து மருந்துக்கடைப் பெண் ரகசியம் என்னவென்று கேட்கிறாள். எங்கள் முதலாளி சோடாபுட்டி இருக்கிறாரே, இத்தனை வருடமாக என்னைப் பின்னறை இருட்டிலேயே வைத்திருந்தவர், "இப்பத்தான் கடைக்கு ஏத்த மாதிரி இருக்கீங்க, முன்னாடி கவுன்ட்டர்ல நில்லுங்களேன்" என்றார். நின்றேன். அவரை அறைந்திருக்க வேண்டும். நான் தலை வாரிக்கொண்டு போய் நின்றேன். நாற்பத்தாறு வயதில் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் யாருக்கு எதிராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேனோ அவர்கள் கூப்பிட்டதும் ஓடிப்போய் நின்றுவிட்டேன். உன் ஹாலில் கைதட்டலுக்காக வருகிறவர்களைப் பற்றி எழுதினாயே. அவர்களைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

படம் இத்துடன் இருக்கிறது. சோடாபுட்டிதான் எடுத்தார், கடை வாசலில். சிரிக்கச் சொன்னார். ஃபிரேம் மாட்டக் குனிந்தால் வயிற்றின் வலது பக்கம் ஒரு வலி பிடிக்கிறது, நிமிர்ந்து நிற்கவும் நேரம் ஆகிறது. அதனால் சிரிப்பு சரியாக வரவில்லை. உங்கள் பிரிண்ட்காரருக்கு இந்தத் தடவை வேலை மிச்சம்.

போடு, அல்லது கிழி. இதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதே.

பெரிசு

அக்டோபர் 13

அக்கா,

போஸ்டரை விடு. டீச்சரை விடு. இதைப் படித்ததும் போனை எடுத்து என் எண்ணைத் திறந்துவிடு. நேற்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கடை எண்ணுக்கும் கூப்பிட்டேன். நீ பேச மாட்டேன் என்று சொல்லச் சொன்னாயாம்.

உன் படத்தை எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனேன். அவர் இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையது இடது பக்கம், புதியது வலது பக்கம். "சூப்பர் மேடம், இதுதான் ரிசல்ட்டு" என்றார். நானும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

பிறகு சட்டையைப் பார்த்தேன். தோள் இரண்டும் கீழே தொங்குகிறது. கைக்குள் இன்னொரு கை நுழையும்போல இருக்கிறது. கழுத்தெலும்பு தெரிகிறது, நெற்றிப்பொட்டுகள் குழிந்திருக்கின்றன. ஆனால் கீழ்ப் பொத்தான்கள், அக்கா. பழைய படத்தில் அவை சாதாரணமாக இருக்கின்றன. புதிய படத்தில் துணி இழுத்துக்கொண்டு பொத்தானுக்குப் பொத்தான் வாய் பிளந்திருக்கிறது. அதே சட்டை. தோளில் தொளதொள, வயிற்றில் பழையதைவிட இறுக்கம்.

என் வேலையே உடம்பு இளைப்பதைப் பார்ப்பது. உடம்பு அப்படி இளைக்காது. எனக்கு வேறு எதுவும் தெரியாமல் இருக்கலாம், இது தெரியும். நீ இளைக்கவில்லை. உள்ளே ஏதோ வளர்கிறது.

இரண்டு வாயில் வயிறு நிறைகிறது என்று நீ எழுதினாய். நான் தண்ணீர் குடி என்று எழுதினேன்.

வேறு டாக்டரிடம் போ. வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

சின்னது

அக்டோபர் 19

தங்கைக்கு,

இளைத்தாலும் தப்பா?

நான் பருமனாக இருந்தவரை அது ஒரு வியாதி. எனக்குக் காது வலித்தால் உடம்பைக் குறை. பல்லில் வீக்கம் வந்தால் உடம்பைக் குறை. வேலை கிடைக்கவில்லை, பெண் பார்க்க வந்தவன் திரும்பி வரவில்லை, மழை பெய்யவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. இப்போது குறைந்தேன். இப்போது குறைந்ததே வியாதி என்கிறாய். எந்த உடம்போடு நான் இருந்தால் நீங்கள் எல்லாரும் பேசாமல் இருப்பீர்கள்?

முதலில் நீ வாழ்த்தினாய். வலது பக்கத்தில் உன் இடத்துக்கு நான் வரப்போகிறேன் என்றதும் உனக்கு வேறு மாதிரித் தெரிகிறதோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போக மாட்டேன். நீ அங்கே போவது வேறு, நான் போவது வேறு. வராந்தாவில் எடை மெஷின் வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், கைப்பிடி வைத்த நாற்காலிகளில். நான் ஏறியதும் நர்ஸ் எண்ணைக் கத்திச் சொல்வாள், அடுத்த அறையில் எழுதுகிறவளுக்குக் கேட்க வேண்டுமே. ஒரு தடவை அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது, "சரியா பாருடி, ரெண்டு பேர் ஏறியிருக்கப் போறாங்க." வராந்தா முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மச்சத்துக்குச் சிரித்த மாதிரி. அன்றைக்கு எதற்காகப் போனேன் என்று டாக்டரிடம் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். அந்த மெஷின் மேல் மறுபடி ஏறுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

என்னை இரண்டு மாதம் நிம்மதியாக இருக்க விடு. பக்கத்து இருக்கையில் ஆள் உட்காருகிற இரண்டு மாதம்.

பெரிசு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. குனிந்து தேட முடியவில்லை.

அக்டோபர் 24

அக்கா,

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு ஒரு நாள் முன்னால் வந்து சேரும். வேண்டாம் என்று எழுத உனக்கு நேரமிருக்காது, அதற்காகத்தான் இன்றைக்கு அனுப்புகிறேன். உங்கள் ஊரிலேயே ஒரு டாக்டரம்மாவிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். போனில் நானே பேசினேன். மெஷினில் ஏற்றாமல் முதலில் வயிற்றைப் பார்ப்பார்களா என்று கேட்டேன். "வயித்து வலிக்கு வயித்தைத்தானேம்மா பாக்கணும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கள்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வரிசையில் நிற்கும்போது உள்ளே மாட்டியிருந்த போஸ்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இடது பக்கம் இருப்பது என் அக்கா, வலது பக்கம் இருப்பது நான், இரண்டும் வேறு வேறு பேர் என்று சொன்னேன். சத்தமே இல்லை. எடை கூடினால் இருப்போமே, அந்த மாதிரி அமைதி. பிறகு ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு போனாள், பின்னாலேயே பலர் போனார்கள். டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "அக்காவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "என்ன சொன்னா?" என்றார். வாயை ஏன் எடுத்தாய் என்று கேட்டாள் என்றேன். பத்திரிகைக்கு எழுதுவாரோ என்னவோ. பஸ் நிற்கிற இடத்திலும் ஆள் வைத்துக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்று. வலது பக்கம் உன்னை வைக்க எனக்குப் பொறாமை என்றாய். பொறாமை இல்லை, பயம். அது வேறு மாதிரிப் பயம். நமக்குச் சாப்பாடு போடும்போது அம்மா என்ன செய்வாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் இன்னொரு ரொட்டி கேட்டால் எதுவும் சொல்ல மாட்டாள். உன்னைப் பார்ப்பாள். அவ்வளவுதான். நான் கையை இழுத்துக்கொள்வேன். நீ குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். பிரிண்ட்காரர் சொல்லித்தான் நான் உன்னை 'முன்' படமாக்கினேன் என்று நினைக்காதே. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நீதான் அந்தப் படம். நான் இன்றைக்கும் பல் தேய்ப்பதற்கு முன் மெஷினில் ஏறுகிறேன். நீயாக ஆகிவிடக் கூடாது என்று. உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு பயந்திருக்கிறேன்.

நீ செத்துப்போனால் நான் யாராக ஆகிவிடக் கூடாது என்று எழுந்திருப்பேன்? இப்படிக் கேட்பது கேவலமாக இருக்கிறது. ஆனால் அதுதான் வந்தது.

கதவைத் திற. திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீ யார், நான் யார் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். உனக்குத் தெரியும், நான் செய்வேன்.

சின்னது

டிசம்பர் 2

சின்னதுக்கு,

உன் எண்ணைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தினமும் பேசுகிறோம். ஆனாலும் சில விஷயங்களைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ வாசலில் உட்கார்ந்திருந்தபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்தேன். கீழ்வீட்டுக்காரரிடம் நீ, "உள்ள இருக்கிறது எங்க அக்கா. அவ கதவைத் திறக்க மாட்டா, அவ்வளவு நல்லவ" என்று சொன்னது கேட்டது. சிரிப்பு வந்து வலி பிடித்துக்கொண்டது. அதனால்தான் திறந்தேன். உன் வேண்டுதலுக்காக இல்லை.

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். வயிற்றில் கருவியை வைத்ததும் பேச்சை நிறுத்தினாள். அந்த நிமிடத்தில் நீ என் கையைப் பிடிக்கவில்லை, கால் கட்டைவிரலைப் பிடித்தாய். அருகில் அதுதான் இருந்ததோ என்னவோ. அதை மறக்க மாட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் வராந்தாவில் நீ அம்மாவிடம் போனில் கத்தியதும் எனக்குக் கேட்டது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஊகமே தேவையில்லை. "அது இளைப்பு இல்லம்மா, அவளத் தின்னுட்டு இருக்கு! வாழ்த்து சொல்லாதே!" என்றாய். அம்மாவிடம் நீ குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அவளை அழ வைத்ததற்காக நீ என்னிடம் வந்து அழுதாய். கடைசியில் சமாதானம் சொன்னது நான்தான், கையில் ஊசிக்குழாயோடு.

கட்டியை எடுத்தாகிவிட்டது. எல்லாம் போய்விட்டதா என்று டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை. "மருந்து முடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்கிறார். முகத்தைப் பார்த்தேன். முகம் பார்ப்பது என் வேலை. அவருக்கே தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. நான் பயந்திருக்கிறேன். அதை எழுதி வைத்துவிட்டால் கொஞ்சம் குறையுமா என்று பார்க்கிறேன். குறையவில்லை.

உன்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது. அவசரப்படுத்தாதே.

சோடாபுட்டி வந்து பார்த்தார். கையில் பழங்கள், கண்ணில் குற்ற உணர்ச்சி. எலும்பும் தோலுமாக ஆகிவிட்டேன் என்று அவராகவே சொல்லி, அவராகவே நாக்கைக் கடித்துக்கொண்டார். "வந்ததும் முன் கவுன்ட்டர்தான் உங்களுக்கு" என்றார். நான் எந்த அளவில் வந்தாலுமா என்று கேட்டேன். பதிலுக்குப் பழத்தை உரித்துக் கொடுத்தார். வேலைக்குத் திரும்பும்போது அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்பேன்.

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேற்று மருந்து ஏற்றப் போனேன். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் எடை பார்க்க வேண்டும், மருந்தின் அளவே அதை வைத்துத்தான். மெஷினுக்காக நீ போட்ட சண்டைக்குப் பிறகு அவர்கள் மெஷினைத் திரைக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள், ஆனால் நேற்று திரை துவைக்கப் போயிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள். நான் ஏறினேன். புதிதாக வந்திருக்கிற சின்ன நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், பழைய அட்டையைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்:

"கொஞ்சம் கூடியிருக்கும்மா. பரவாயில்ல, விடுங்க."

நான் மெஷின் மேல் நின்றபடியே கை தட்டினேன். தனியாக. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளும் தட்டினாள். கைப்பிடி நாற்காலியில் தலைக்குத் துணி கட்டி உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எதற்கென்றே தெரியாமல் தட்டினார்.

இப்போது எனக்கு ஒன்று வேண்டும். பழைய படம். போஸ்டரில் இருந்தது வேண்டாம், உன் போனில் இருக்கிற அசல், வாயோடு. அந்தப் பிரிண்ட்காரரிடமே கொடுத்துப் பெரிதாகப் போட்டு அனுப்பு. ஒரு மூலையையும் சரிசெய்யக் கூடாது என்று சொல். சுண்ணாம்பு முழங்கையில் இருக்கட்டும், வயிறு இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

ஆணி அடித்துவிட்டேன். கட்டிலில் படுத்தால் நேராகத் தெரிகிற இடத்தில். எந்த அளவுக்குத் தேற வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டால், நான் திரும்பிப் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று காட்ட வேண்டும்.

பெரிசு